இட்லி காணாமல் போகும் பாத்தி

எங்கள் கடையில் சீட்டு கிடையாது. சாப்பிட வருகிறவர்கள் கேட்பதை எழுதக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எழுதினால் படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்கும் பச்சமுத்து மாஸ்டருக்கு ஆவியில் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். அதைக் கழற்றித் தலைமேல் ஏற்றிவிட்டுக் காதை வைத்துத்தான் வேலை செய்வார். சப்ளையர் அடுப்படி ஜன்னலில் வந்து நின்று, "ரெண்டு பூரி, ஒரு கல் தோசை, ஒரு பொங்கல் வடை" என்று சொல்ல வேண்டும். அப்புறம் சாப்பிட்டவர் கை கழுவ எழுந்ததும், அதே சப்ளையர் கல்லாவைப் பார்த்து அவர் என்னென்ன சாப்பிட்டார் என்று குரல் கொடுக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் தெய்வநாயகி அக்கா அதைக் கேட்டுத்தான் பணம் வாங்குவார். முதலில் கேட்டது, நடுவில் வாங்கிக்கொண்டது, கேட்டுவிட்டு வேண்டாம் என்றது எல்லாம் சப்ளையர் தலைக்குள்தான் இருக்க வேண்டும்.

என் தலைக்குள் எதுவும் நிற்கவில்லை.

கடை மரக்காணத்தைத் தாண்டி, புதுச்சேரி போகும் ரோட்டின் மேல் இருக்கிறது. ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கியதும் நான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா இருசப்பன் உப்பளத்துக் கூலி. மழை பிடித்தால் தை மாதம் தண்ணீர் வடிகிற வரை அவருக்கு வேலை இல்லை. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்த என்னைப் பார்த்து அம்மாவுக்குத் தினமும் ஒரு பெருமூச்சு வந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி ஐயப்பன் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது என்னையும் கூட்டிப்போய், அங்கே ஹாஸ்டலில் சேர்த்து வேலைக்கு விடுவதாகப் பேச்சு.

"இங்கயே அவளுக்கு நிலையா ஒரு வேலை அமைஞ்சா பாக்கலாம். இல்லன்னா நீ கூட்டிட்டுப் போயிடுடா" என்று அம்மா போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

எங்கள் தெரு ஆண்டாள் அப்படிப் போனவள்தான். ஒரு அறைக்கு எட்டுப் பேராம். விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஆடுவார்களாம். அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்கும்போதே அங்கே போக வேண்டாம் என்றிருந்தது. புது ஆள் ஒருவர் எதிரில் வந்து பெயர் கேட்டாலே எனக்கு வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால், வீட்டில் தெரிந்த பாட்டு அங்கே தெரியாது.

கடையில் மணிவண்ணன் என்று ஒரு சப்ளையர் இருந்தான். பொங்கல் முடிந்ததும் புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போவதாக இருந்தது. தெய்வநாயகி அக்கா என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மணி போறதுக்குள்ள நீ கத்துக்கிட்டா மேசை உனக்கு. இல்லன்னா எக்கியார்குப்பத்துல ஒரு ஆள் வேலை கேட்டுட்டு இருக்கான், அவன வரச் சொல்லிடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

முதல் வாரம் முழுக்க நான் ஜன்னலில் போய் நின்று மாஸ்டர் முகத்தையே பார்த்தேன். மேசையிலிருந்து ஜன்னலுக்கு வருவதற்குள் பூரி தோசையாகிவிடும், காபி டீயாகிவிடும். ஒரு நாள் மீன் வண்டிக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் வேறு வேறாகக் கேட்டார்கள். நான் ஜன்னலில் போய், "நாலு இட்லி" என்றேன்.

"நாலு இட்லியா, நாலு பிளேட் இட்லியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

எனக்கு அதுவும் தெரியவில்லை.

"பாப்பா, உனக்குக் காது கேக்குதில்ல? உள்ள போனது எங்க போச்சு?" என்றார் மேரிசெல்வி அக்கா. அவர் உள்ளே சட்னி அரைப்பவர். பேசாமல் இருந்தால் அவருக்குக் கை ஓடாது.

மணிவண்ணன் சிரித்துக்கொண்டே தட்டுகளைத் தூக்கிப் போனான். அவனுக்கு என்னைக் கண்டால் எப்போதும் சிரிப்புத்தான். 'மேடம்' என்று கூப்பிடுவான். ஆனாலும் அன்றைக்கு ஒன்று சொன்னான்.

"மேடம், தனியா 'பூரி, பூரி'ன்னு சொல்லிட்டு வந்தா நிக்காது. ஆள் மேல ஒட்டிடணும். இப்ப அங்க பாரு, தொப்பைக்குப் பூரி. மீசைக்குப் பொங்கல். வழுக்கைக்கு வடகறி. அவன் தலையிலயே வடகறி ஊத்தின மாதிரி நினைச்சுக்கோ, மறக்கவே மறக்காது."

அவன் சொன்னது சரிதான். ஆனால் தொப்பையையும் மீசையையும் ஒட்டுவதற்கு முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். நான் ஆர்டர் எடுக்கும்போது யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. மேசையைப் பார்ப்பேன். கொஞ்சம் தைரியம் வந்தால் சட்டை வரைக்கும் கண் போகும். அதனால் நான் சட்டையிலேயே ஒட்டினேன். பச்சைச் சட்டை ரவா தோசை. கோடு போட்ட சட்டை பொங்கல். மஞ்சள் புடவை இட்லி, கூட இருக்கும் ஊதாச் சுடிதார் பூரி.

அது வேலை செய்தது. சட்டையில் பூரியைப் பொத்தானாகத் தைத்துவிடுவேன். பச்சைச் சட்டைக்காரரின் பாக்கெட்டில் ரவா தோசையை மடித்துச் செருகிவிடுவேன். ஜன்னலுக்குப் போனதும் அந்தச் சட்டை கண்ணுக்கு முன்னால் வரும், கூடவே தோசையும் வரும். கார்த்திகை முழுக்க நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கடையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அக்கா எனக்குச் சுவர் ஓரத்து மேசைகளை ஒதுக்கிக் கொடுத்தார். வீட்டில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா பெருமூச்சு விடாமல் கேட்டுக்கொண்டாள்.

மார்கழி பிறந்தது. மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்களின் பஸ்கள் ரோட்டில் ஓட ஆரம்பித்தன. ஒரு காலை நேரம் எங்கள் கடை வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். சிவப்புப் புடவை, சிவப்புப் புடவை, சிவப்புச் சட்டை சிவப்பு வேட்டி, சிவப்புப் பாவாடை, மறுபடியும் சிவப்புப் புடவை.

வேறு நிறத்தில் ஒரு சட்டைகூட இல்லை.

"வாங்க சக்தி, உள்ள வாங்க சக்தி" என்று அக்கா கல்லாவிலிருந்து எழுந்து நின்று கூப்பிட்டார். மாலை போட்டவர்கள் எல்லோருமே ஒருவருக்கொருவர் சக்திதான். ஆணும் சக்தி, பெண்ணும் சக்தி, குழந்தையும் சக்தி. என் மேசைகளில் உட்கார்ந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்கு ஒரு ஊத்தப்பம், வெங்காயம் போடாம."

"வெங்காயம் இல்லாத ஊத்தப்பம்னா அது தோசைதானே சக்தி?"

"சரி, அப்ப தோசையே குடுங்க சக்தி. இந்தச் சக்திக்கு ரெண்டு இட்லி. அந்தச் சக்தி வந்து கேப்பாங்க, அவங்களுக்கு என்னான்னு தெரியல."

சிவப்புப் புடவையில் தோசையைச் செருகினேன். அடுத்த சிவப்புப் புடவையில் இட்லியைத் தைத்தேன். ஜன்னலுக்குப் போய் நின்றேன். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரே ஒரு பெரிய துணி தெரிந்தது. அதில் தோசை, இட்லி, பூரி எல்லாம் காயப் போட்ட மாதிரி கிடந்தன. யாருடையது எது என்று ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வந்ததை எடுத்துப்போய் வைத்தேன். பூரி கேட்டவருக்குப் பொங்கல் போனது. குழந்தைக்குக் கேட்ட இட்லி பெரியவருக்குப் போனது. அவர்கள் நல்ல மாதிரி. தட்டுகளைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். கை கழுவ எழுந்தபோதுதான் வினை. அக்கா என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தக் கூட்டத்துப் பெரியவரே கல்லாவில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆனது.

பஸ் போன பிறகு அக்கா சத்தம் போடவில்லை.

"நாளையிலிருந்து நீ மேசை தொடச்சாப் போதும். சப்ளைய மணி ஒருத்தனே பாத்துக்குவான். பொங்கல் தாண்டட்டும், பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டில் அம்மா என் பழைய டிராவல் பேக்கைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஜிப் ஓடுகிறதா என்று அப்பா இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை துடைப்பதில் ஒரு வசதி இருந்தது. யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. ஈரத் துணியை வைத்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கலாம். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் மேசைகள், மேசைக்கு மேசை கொஞ்சம் இடைவெளி. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் மனசுக்குள் அதை நான் 'நண்டுப் பாத்தி' என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

உப்பளத்தில் அப்பா வேலை செய்யும் இடமும் அப்படித்தான். நடுவில் வரப்பு, இரண்டு பக்கமும் பாத்திகள். சின்ன வயசிலிருந்து அப்பாவுக்குக் கூழ் எடுத்துப்போய் நடந்த வரப்பு அது. ஒவ்வொரு பாத்திக்கும் நாங்களே வைத்த பெயர் உண்டு. தலைமாட்டில் இருப்பது பம்புப் பாத்தி, அங்கேதான் மோட்டார். அதற்கடுத்தது நண்டுப் பாத்தி, எத்தனை தடவை மிதித்து இறுக்கினாலும் நண்டு ஓட்டை போட்டுவிடும். எதிரில் கொக்குப் பாத்தி. அதற்குப் பக்கத்தில் கோணப் பாத்தி, அளந்து வெட்டியவர் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தாரோ. கடைசியில் வழுக்குப் பாத்தி, அதில் விழாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு என்னை அங்கே விட்டாலும் எந்தப் பாத்தியில் நிற்கிறேன் என்று காலே சொல்லிவிடும்.

ஆளையோ சட்டையையோ பார்க்க வேண்டாம், பாத்தியில் வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பாத்திக்கு நாலு மூலை, மேசைக்கு நாலு பேர். மேசையை மேசையாகப் பார்க்காமல் பாத்தியாகப் பார்த்து, கேட்டதை அந்தந்த மூலையில் வைத்துவிடலாம். பாத்தி எங்கும் போகாது. சிவப்புப் புடவையும் கட்டிக்கொள்ளாது.

மணிவண்ணன் ஆர்டர் எடுக்கும்போது நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே காதைக் கொடுத்தேன். நண்டுப் பாத்தியில் ரோட்டுப் பக்கத்து மூலையில் ஒரு பூரி. கடல் பக்கத்து மூலையில் ஒரு பொங்கல். அவன் அப்புறம் கல்லாவுக்குச் சொல்லும்போது என் பாத்தியைத் திறந்து பார்த்தேன். பூரி இருந்தது. வடை இருந்தது. காபி இருந்தது. ஆனால் இட்லியை மட்டும் எங்கே வைத்தாலும் காணவில்லை. மறுநாளும் அப்படியே. இட்லி கேட்ட மூலைக்குப் போய்ப் பார்த்தால் அது காலியாக இருந்தது. தயிர் வடையும் இரண்டு தடவை காணாமல் போனது.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இட்லி கேட்கிறவர்கள் மெதுவாகப் பேசுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். மேரிசெல்வி அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, உப்புப் பாத்தியில இட்லிய வச்சா என்னா ஆகும்?"

"கரிக்கும்."

"அதில்லக்கா. கண்ணுக்குத் தெரியுமா?"

அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உப்பும் வெள்ளை, இட்லியும் வெள்ளை. எப்படிடி தெரியும்? பாப்பா, உனக்கு ஜுரம் எதாச்சும் அடிக்குதா?"

அவ்வளவுதான் விஷயம். நான் வைத்த பாத்தியில் எல்லாம் உப்பு விளைந்து கிடந்தது. வெளியே மழைத் தண்ணீர் நின்றாலும் என் மனசுக்குள் அது சித்திரை மாதம். வெள்ளைக்கு மேல் வெள்ளையை வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எதையும் சும்மா வைக்கவில்லை. இட்லி என்றால் அந்த மூலையில் நண்டு ஒன்று இட்லியை முதுகில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். இரண்டு இட்லி என்றால் இரண்டு நண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொள்ள வேண்டும். தோசை என்றால் உப்புக் குவியலின் மேல் தார்ப்பாய்க்குப் பதில் தோசையை விரித்துச் செங்கல் வைத்திருக்க வேண்டும். பொங்கல் என்றால் உப்பு வாருகிற நேரத்தில் மழை பெய்து எல்லாம் குழைந்துபோயிருக்கிறது, அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். காபி என்றால் யாரோ வாய்க்காலில் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அப்பா மண்வெட்டியோடு ஓடி வருகிறார். வடை கொக்கின் வாயில் இருக்கும். பூரி உப்பிப் பறந்து போய்க்கொண்டிருக்கும், அதைப் பிடிக்க அப்பா எட்டிக் குதிப்பார்.

அப்பாவுக்குக் கோபம் வருகிற மாதிரி வைத்தால் அது மறப்பதே இல்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் மணிவண்ணன் சொல்வதற்கு முன்னாலேயே அவன் சொல்லப்போவது எனக்குத் தெரிந்திருந்தது. சில தடவை அவன் சொல்லாமல் விட்டதும் தெரிந்தது. ஒரு நாள் கோணப் பாத்தியில் இருந்தவர் கடைசியாக வாங்கிய வடையை அவன் விட்டுவிட்டான். நான் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். வாய் வரவில்லை. உள்ளே போய் மேரிசெல்வி அக்காவிடம், "அந்த மேசைக்கு ஒரு வடை விட்டுப்போச்சுக்கா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி? நானா திருடினேன் வடைய? கல்லாவுல போய்ச் சொல்லுடி."

"அவரு போயிட்டாரு."

"நீ வாயத் தொறக்கிறதுக்குள்ள அவரு பாண்டிச்சேரி போய்ச் சேந்திருப்பாரு. இப்படியே இரு, திருப்பூர்ல போய் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே எண்ணிட்டு இரு."

போகிக்கு முன்னால் ஐயப்பன் மாமா வந்துவிட்டார். வந்த மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்தார். தெய்வநாயகி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்னை அழைத்துப்போக வேண்டும் என்பது அவர் முறை. கல்லாவை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கேயே சாப்பிடவும் ஆரம்பித்தார்.

"பொண்ணு எப்படிங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நல்ல பொண்ணுங்க. கை சுத்தம். வாய்தான் இல்ல. அது போவட்டும், ஞாபகமும் நிக்கல."

"எங்க கம்பெனியில அது ரெண்டும் தேவைப்படாதுங்க. மிஷினே எண்ணிக்கும்."

இதை நான் துடைத்துக்கொண்டே கேட்டேன். அதே நேரத்தில் வாசலில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு.

அன்றைக்கு மணிவண்ணன் இல்லை. புதுச்சேரியில் தங்குகிற அறையைப் பார்த்துவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். கூட்டம் வராத நாள் என்று அக்காவும் விட்டிருந்தார். இப்போது அக்கா கல்லாவையும் பார்க்க வேண்டும், வாசலையும் பார்க்க வேண்டும். கடை நிறைந்துகொண்டிருந்தது.

"நான் எடுக்கறேன்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லை என்பது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. "போ" என்றார்.

பம்புப் பாத்தியில் தொடங்கினேன். எப்போதும் போல மேசையைத்தான் பார்த்தேன். ஆனால் அவசரப்படவில்லை. ஒவ்வொருவர் கேட்டதையும் அந்த மூலையில் வைத்து, நண்டு ஓடுகிறதா, கொக்கு கவ்வியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூலைக்குப் போனேன். ஒரு பாத்தி முடிந்ததும் ஜன்னலுக்குப் போய்ச் சொன்னேன். மாஸ்டர், "சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன். தட்டுகள் வந்தன. கொண்டுபோய் வைத்தேன். யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

கொக்குப் பாத்தியில் ஒரு வயசான அம்மாவுக்கு மின்விசிறிக் காற்று ஆகவில்லை. எழுந்து எதிர் மேசைக்குப் போனார். அவருக்கு இடம் கொடுக்க அங்கே இருந்தவர் இங்கே வந்தார். அவர் மகனும் கூடவே வந்தான். திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேர் மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் கலைந்துபோனது. பிறகு, உப்பளத்தில் ஒரு பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விட வேண்டுமென்றால் என்ன செய்வோம் என்று யோசித்தேன். வரப்பை வெட்டுவோம். மனசுக்குள் வரப்பை வெட்டிவிட்டேன். நண்டு இட்லியைச் சுமந்துகொண்டு அந்த வழியாக எதிர்ப் பாத்திக்குப் போனது. தோசைத் தார்ப்பாய் மிதந்து இந்தப் பக்கம் வந்தது. மறுபடி வரப்பை மண் போட்டு அடைத்தேன். இவ்வளவும் செய்கிற நேரம் நான் தண்ணீர் ஜக்கை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். பார்த்தவர்களுக்கு நான் மலைத்துப்போய் நிற்கிற மாதிரி இருந்திருக்கும்.

முதல் மேசைக்காரர்கள் கை கழுவ எழுந்தார்கள். அக்கா கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார்.

"பம்புப் பாத்தி..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மொத மேசைக்கு ரெண்டு பொங்கல், ரெண்டு வடை, ஒரு பூரி, ஒரு கல் தோசை, மூணு காபி. ஒரு காபி சக்கரை இல்லாம."

"கேக்கல. திருப்பிச் சொல்லு" என்றார் அக்கா.

திருப்பிச் சொன்னேன். எழுந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த மேசையில் இரண்டு பெண்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் உடனே எழுந்துவிட்டார்கள். அவசரத்தில் வாய் தவறியது.

"நண்டுப் பாத்திக்கு நாலு இட்லி, ஒரு ஊத்தப்பம்..."

கை கழுவப் போன ஒரு பெரியவர் அப்படியே நின்றார்.

"என்னா சக்தி, நண்டுன்னீங்க? இது சைவக் கடைன்னுதானே போர்டு போட்டிருக்குது?"

"எங்க தட்டுல நண்டா?" என்று அந்த மேசையில் இருந்த ஒரு அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். விரதக்காரர்கள். அவர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ, கிடையவே கிடையாது சக்தி. முட்டைகூட எங்க கடையில வராது" என்று அக்கா எழுந்தே விட்டார். என்னைப் பார்த்து, "ஏ அம்சா, என்னாடி நண்டு?" என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜக்கைக் கீழே வைத்தேன். அந்த அம்மா இன்னும் தட்டைத் தொடவில்லை. நான் பேசாமல் அவர் சாப்பிடப் போவதில்லை.

"நண்டு இல்லம்மா. அது ஒரு பாத்தி. உப்பு விளையற பாத்தி. எங்கப்பா உப்பளத்துல வேலை செய்யறாரு. அங்க பாத்திக்கெல்லாம் பேரு இருக்குது. எனக்கு ஞாபகம் நிக்காது, அதனால இந்த மேசையெல்லாம் பாத்தின்னு நினைச்சுக்கிட்டு, நீங்க கேட்டத அதுல வச்சுக்குவேன். இந்த மேசை நண்டுப் பாத்தி. உங்க தட்டுல இட்லிதான் இருக்குது."

அந்த அம்மா, "அப்படியா சக்தி?" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சக்தி, அப்ப நாங்க எந்தப் பாத்தி?" என்று எதிர் மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"நீங்க கொக்குப் பாத்தி."

"அவங்க?"

"கோணப் பாத்தி."

"சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றார் அவர். கோணப் பாத்திக்காரர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் போலிருக்கிறது, அவர்களே சிரித்தார்கள்.

அப்புறம் நான் சொல்லச் சொல்ல அக்கா பணம் வாங்கிக்கொண்டே இருந்தார். வழுக்குப் பாத்தியில் மட்டும் ஒரு டீயைக் காபி என்று சொல்லிவிட்டேன். குடித்தவரே திருத்தினார். பஸ் போனதும் கடை காலியானது. நான் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். அப்போதுதான் ஐயப்பன் மாமா பெஞ்சிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"மாமா என்னா சாப்பிட்டாரு?" என்று கேட்டார் அக்கா.

பெஞ்சுக்குப் பாத்தி கிடையாது. அவருக்கு யார் வைத்தார்கள், என்ன வைத்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இட்லி என்று சொல்லிவிடலாம். எல்லோரும் இட்லிதான் சாப்பிடுவார்கள்.

"தெரியலக்கா" என்றேன். "அவர நான் எங்கயும் வச்சுக்கல. கேட்டுத்தான் சொல்லணும்."

"பாத்தீங்களா" என்றார் மாமா. "சொந்த மாமன் சாப்பிட்டதே ஞாபகம் இல்ல. இத்தன பேருக்கு ஒரு நாள் சொல்லிட்டா, தெனமும் சொல்லுவாளா? என்கூட அனுப்பிடுங்க. அங்க கஷ்டம் இல்லாம இருப்பா."

அக்கா கல்லாப் பெட்டியை மூடினார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது பாருங்க. எனக்கு அது போதும். தெரியலன்னா கேட்டுக்கலாம். மணிக்குத் தெரியலன்னா அடிச்சுவிடுவான், நானும் நம்பிட்டு இருப்பேன்." அப்புறம் என்னிடம், "ஆனா போறவள நான் பிடிச்சு வைக்கமாட்டேன். உன் மாமன், உன் வீடு. நீயே சொல்லு" என்றார்.

மாமா கெட்டவர் இல்லை. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர். அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை.

"நான் இங்கயே இருக்கேன் மாமா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா பேச்சு நீளும்."

"நீ பேசி நீளப்போவுதா?" என்றார் மாமா. பையிலிருந்து பணத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தார். "மூணு இட்லி, ஒரு வடைங்க. டீ இன்னும் வரல."

"டீ கேட்டீங்களா?" என்றேன்.

"இப்ப கேக்கறேன்."

நான் ஜன்னலுக்குப் போய் மாஸ்டரிடம் ஒரு டீ சொன்னேன்.